அவரைக் கேக்க வேணாம்

அங்கம்மாவுக்குக் கர்ப்பப்பை கீழிறங்கியிருந்த விஷயம் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மகன் ரஜீவ் பிறந்த வருஷத்திலிருந்து அது அவளோடு இருந்தது. முதலில் குந்தி எழும்பும்போது மட்டும் அடிவயிறு கனத்தது. பிறகு மலையேறும்போது கனத்தது. கடைசியில் சும்மா நின்றாலே கோழிமுட்டை அளவுக்கு வெளியே வந்து, நடக்க நடக்கத் தொடையில் உரசியது. பழைய சேலையைக் கிழித்து மடித்துக் கோவணம் மாதிரி இறுக்கிக் கட்டி, அதற்குமேல் பாவாடை, அதற்குமேல் இடுப்பில் படங்குச் சாக்கு என்று சுற்றிக்கொண்டு அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போய்வந்தாள்.

வெயில் காலத்தில் சமாளித்துக்கொள்ளலாம். ஐப்பசி பிறந்து கருக்கமலைத் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டால்தான் பாடு. அட்டை ஏறுவதைக்கூடப் பார்த்துப் பிடுங்கிவிடலாம். உள்ளே கட்டிய துணி நனைந்து, அந்த ஈரத்தோடு சதை உரசிப் புண்ணாகி, சாயங்காலம் கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு தராசடிக்கு வரும்போது ஒவ்வொரு அடிக்கும் கண்ணில் தண்ணீர் வரும். மழையில் எல்லார் முகமும்தான் நனைந்திருக்கிறது. யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிடுவாள். இருமினால் சிறுநீர் போய்விடும். அதனால் கொழுந்தெடுக்கச் செடிவரிசையில் நிரை பிடிக்கும்போது எப்போதும் கடைசி நிரையாகக் கேட்டு வாங்கிக்கொள்வாள். தராசில் சாக்கை வைத்துவிட்டுக் கால்மேல் கால் பின்னி நிற்பாள்.

இதெல்லாம் மற்றப் பெண்களுக்குத் தெரியும். ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் அவள் குளிக்க வந்தால், ஏதோ அவசரம் இருப்பதுபோல ஒருத்தி சட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள், இன்னொருத்தி துணியைப் பாதியில் பிழிந்துகொண்டு நகர்வாள். அங்கம்மா அதைத் தற்செயல் என்றே எண்ணியிருந்தாள். அவர்களில் பாதிப்பேருக்கு அவளைப்போலவே ஒரு துணி கொடியின் உள்பக்கம் காய்ந்துகொண்டிருந்தது என்பதும் அவளுக்குத் தெரியாது. யாரும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவள் புருஷன் வீரசிங்கம் அப்போது வீட்டில் இல்லை. ஹாலிஎலைச் சந்திக்குக் கிட்ட சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணோடு இருந்தான். போனது ரஜீவ் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த காலத்தில். அதற்கு முன்னாலேயே, அவன் அங்கே போய்வருவது தெரிந்து, தோட்டத்துத் தலைவரும் கோயில் ஆட்களும் கூடிப் பஞ்சாயத்து வைத்து ஏன் இப்படி என்று விசாரித்தார்கள். "பொம்பளன்னா பொம்பளயா இருக்கணுங்க. இவகிட்ட என்னா இருக்கு?" என்று வீரசிங்கம் எல்லார் முன்னாலும் சொன்னான். பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கம்மாவை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவள் எழும்பிப் போய் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு அவள் தனியாகவே இருந்து மகனை வளர்த்தாள், கலியாணம் கட்டிவைத்தாள், அறுபது வயதாகித் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டி நிறுத்தின பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தாள். ரஜீவ் பதுளை பஜாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தான். அவன் பெண்சாதி விஜயலெட்சுமி கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். நன்றாகப் படித்தவள், சிங்களம் வாசிப்பாள், அளந்து பேசுவாள்.

சாப்பாட்டுக் கடைக்காரி செத்துப்போனாள். அவளுடைய அண்ணன்மார் வந்து கடையையும் வீட்டையும் பூட்டிக்கொண்டார்கள். வீரசிங்கம் ஒரு உடுப்புப் பையோடு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்ததை யாரோ பார்த்து ரஜீவிடம் சொல்ல, அவன் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "அப்பாவ ரோட்டுல விடச் சொல்றியாம்மா?" என்று மகன் கேட்டான். முன்வாசல் இஸ்தோப்பில் ஒரு பாதியை அடைத்து ரஜீவ் தகரம் போட்டிருந்த சின்ன அறையில்தான் அவள் படுப்பாள். அங்கேயே இன்னொரு கட்டில் போடப்பட்டது.

வந்த மனுஷன் கெட்டவனாகவும் இல்லை. தண்ணீர் ஓடும் கான் ஓரத்துத் துண்டு நிலத்தில் போஞ்சியும் கோவாவும் போட்டான். குடிப்பதை விட்டிருந்தான். விறகு பிளந்து கொடுத்தான். ஆனால் சில மாதத்திலேயே அவளை நெருங்கப் பார்த்தான். அவள் கையைத் தட்டிவிட்டாள். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறதா என்று அவன் கேட்டான். இன்னும் மோசமாகியிருக்கிறது என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவனுக்கு அவளுடைய வியாதியில் திடீரென்று அக்கறை பிறந்தது.

ரேடியோவில் ஒரு டொக்டர் பேசியதைக் கேட்டானாம். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் இதற்கெல்லாம் சும்மாவே ஒப்பரேஷன் செய்கிறார்களாம். அதை அவளிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். சந்திக் கடையில் தேத்தண்ணி குடிக்கிற ஆட்களிடமும் சொன்னான். தன் பெண்சாதியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போவதாகவும், பழைய ஆள் மாதிரி ஆக்கி அனுப்பிவிடுவார்கள் என்றும் சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்தப் பேச்சு லயத்துக்கு வந்து, அடுத்த காம்பரா வீட்டு அந்தோனியம்மா வாயிலிருந்து விஜயலெட்சுமி காதுக்குப் போய், அவள் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே மாமியிடம் சொன்னாள்.

இத்தனை வருஷம் துணிக்குள் கட்டி வைத்திருந்ததைச் சந்திக் கடையில் அவிழ்த்துப் போட்டுவிட்டானே என்று அங்கம்மாவுக்கு உடம்பு கூசியது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நிற்க முடியவில்லை. கங்காணி சாதாரணமாகப் பார்த்தாலும் அங்கேதான் பார்க்கிறான் என்று தோன்றியது. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள்.

"மாமி, அவுங்க சொன்னது அசிங்கந்தான்," என்றாள் விஜயலெட்சுமி. "ஆனா ஒப்பரேசன் இருக்கிறது உண்மைதானே. ஒங்களுக்காகப் போங்க. நான் கூட வாறேன்."

ஆடி மாதம், கச்சான் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். கிளினிக்கில் பெண் டொக்டர்தான் இருந்தார். சின்ன வயது. சிங்களக்காரி. உடைந்த தமிழில் "பயம் வேண்டாம் அம்மா" என்றார். கர்ப்பப்பையோடு சிறுநீர்ப்பையும் சேர்ந்து இறங்கியிருப்பதாகச் சொன்னார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தவர், கொஞ்சம் யோசித்து வேறு இடத்துக்கு அனுப்பினார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இருதயத்து வால்வு ஒன்று கெட்டிருப்பதாக அங்கே கண்டுபிடித்தார்கள். மலையேறும்போது மூச்சு வாங்கியதை அங்கம்மா வயசு என்று நினைத்திருந்தாள்.

இந்த இருதயத்தோடு பெரிய ஒப்பரேஷன் அவசரப்பட்டுச் செய்ய முடியாது, முதலில் இதை வைத்துப் பார்ப்போம் என்று, கர்ப்பப்பை இறங்காமல் தாங்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்து அனுப்பினார்கள். கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அங்கம்மா தூக்கினாள். கொழுந்தை எடுத்துவிட்டுத் தூக்காமல் யாரிடம் கொடுப்பது? ஒருநாள் சரிவில் கூடையோடு காலை எட்டி வைத்தபோது வளையம் நழுவித் தேயிலைச் செடிக்கடியில் விழுந்தது. என்ன விழுந்தது என்று மேல் நிரையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "வளவி," என்று சொல்லி, அதை எடுத்துத் தலைத்துணியில் முடிந்துகொண்டு, மிச்ச நிரையையும் முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

மறுபடி வைத்தார்கள், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை உள்ளே புண்ணாகிவிட்டது. மாசியில் அவளை வார்டில் எடுத்தார்கள்.

வார்டில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் லரீபா இருந்தாள். பதுளை டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவரின் மனைவி. ஏழு பிள்ளைகள் பெற்றவள், சிங்களமும் சரளமாகப் பேசுவாள். அங்கம்மாவைவிடப் பத்து வயதாவது இளையவள். மெத்தை போட்ட வீட்டில் இருப்பவளுக்கும் இது வருமா என்று அங்கம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டும்விட்டாள். லரீபா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் வீட்டிலிருந்து மகன் இடியப்பமும் சொதியும் கொண்டுவருவான். பாதியை ஒரு மூடியில் போட்டு அங்கம்மாவிடம் நீட்டுவாள். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். பகல் முழுதும் இரண்டு பேரும் பேசினார்கள். எப்படித் துணி கட்டுவது, எந்தத் துணி உரசாது, கலியாண வீட்டில் பாயில் உட்கார்ந்து எழும்ப என்ன தந்திரம் செய்வது என்று, அங்கம்மா ஆயுளில் ஒருவரிடமும் சொல்லாததையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

ஸ்கான் எல்லாம் முடிந்து முடிவு வந்த பிறகு டொக்டர் அவள் கட்டிலுக்கு வந்து திரையை இழுத்துவிட்டார். இது முக்கியமான விஷயம், என் தமிழில் சொன்னால் தப்பாகிவிடும், தமிழ் தெரிந்த ஆண் நர்ஸ் மிஸ்டரைக் கூப்பிடுகிறேன் என்றார். ஆம்பிளை வேண்டாம் என்று அங்கம்மா கையை ஆட்டினாள். பக்கத்துத் திரையைக் காட்டி, "அவுங்க சொல்லட்டும்," என்றாள். டொக்டர் லரீபாவிடம் சம்மதம் கேட்டார். லரீபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

டொக்டர் நிதானமாகச் சொல்லச் சொல்ல லரீபா தமிழில் சொன்னாள். வழி இரண்டு இருக்கிறது. ஒன்று, கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தளர்ந்த இடங்களை இழுத்துத் தைப்பது. அதற்கு நேரம் கூடப் பிடிக்கும், இருதயத்துக்குக் கஷ்டம், அத்தோடு அங்கம்மா செய்கிற வேலைக்குக் கொஞ்ச வருஷத்தில் மறுபடி இறங்கினாலும் இறங்கலாம். மற்றது சின்ன ஒப்பரேஷன். முதுகில் ஊசி போட்டே முடித்துவிடலாம், மறுபடி இறங்குவதும் அபூர்வம்.

"அதச் செய்யச் சொல்லுங்க," என்றாள் அங்கம்மா.

டொக்டர் கையைக் காட்டி நிறுத்தி, இன்னும் ஏதோ சொன்னார். லரீபா அதைத் தமிழில் சொல்லாமல் தரையைப் பார்த்தாள். டொக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்து, மறுபடி அதையே சொன்னார்.

"அக்கா," என்றாள் லரீபா தாழ்ந்த குரலில். "அந்தச் சின்ன ஒப்பரேஷன்ல வழிய உள்ளுக்கே சேர்த்துத் தச்சிடுவாங்களாம். பொறகு புருஷனோட இருக்க ஏலாது. எப்பவுமே ஏலாது. திருப்பிப் பிரிக்கவும் ஏலாதாம். அதனால வீட்டுக்காரரோட பேசிட்டு முடிவு சொல்லட்டுமாம். அவசரமில்லையாம்."

அங்கம்மா ஜன்னலைப் பார்த்தாள். மழை விட்டு, எதிர்க் கட்டடத்துக் கூரையில் வெயில் விழுந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"யாரு கையெழுத்து வைக்கணும்னு கேளுங்க."

லரீபா கேட்டாள். நோயாளிதான் வைக்க வேண்டும், வேறு யாரும் தேவையில்லை, ஆனாலும் யோசிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார்.

"அப்ப அவரைக் கேக்க வேணாம்."

லரீபா அவள் கையைப் பிடித்தாள். "வாணாம் அக்கா. நல்லா யோசிச்சிப் பாருங்க. ஆம்பள மனுஷன். பொறகு விட்டுட்டுப் போயிட்டாருண்டா?"

"ஒருக்கா போனவர்தான். நான் சாகலியே."

லரீபா டொக்டர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் மாறியிருந்தது. டொக்டர் உடனே எழுதவில்லை. நாளைக் காலையில் மறுபடி வந்து கேட்பேன் என்று போய்விட்டார். மறுநாள் வந்து கேட்டார். அங்கம்மா அதே பதிலைச் சொன்னாள். பெருவிரலை நீட்டாமல், பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்தில், நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினாள்.

லரீபாவுக்கு மற்ற ஒப்பரேஷன்தான். தியேட்டருக்குப் போவதற்கு முந்திய நாள், "நானும் ஒங்களமாதிரிச் சொல்லியிருக்கலாம்னு மனசுல வந்திச்சி," என்று அவள் சொன்னாள். "அந்த நெனப்பு வந்த ஒடனே பயந்துட்டேன்."

ஒப்பரேஷன் முடிந்து, வயிற்றுக்குக் கீழே மரத்திருந்தது தெளிந்து, குழாயையும் கழற்றிய பிறகு ஒரு நர்ஸ் அவளைப் பிடித்து நடக்க வைத்தாள். அங்கம்மா இரண்டு அடி வைத்தாள். வழக்கம்போல அது இறங்கும் என்று கால்களை ஒட்டினாள். ஒன்றும் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தாள். இருமிப் பார்த்தாள். வெளி விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையில் காலை அகட்டிச் சாதாரணமாக, ஒரு ஆம்பிளை உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வீரசிங்கம் கோழி அடித்து வைத்திருந்தான். மிளகு இடித்து ரசமும் அவனே வைத்தான். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவள் அவன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று விஜயலெட்சுமி சொன்னதும், லயத்து ஆட்கள் பார்க்கப் பார்க்கப் பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அவளுக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுத்தான். பாயை வெயிலில் உதறிப் போட்டான். பெண்கள் அதைப் பார்த்து, வயதுபோன காலத்தில் மனுஷனுக்குப் புத்தி வந்திருக்கிறது, அங்கம்மா கொடுத்துவைத்தவள் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் அங்கம்மாவின் மனசு ஒரு நிலையில் இல்லை. ரசம் நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கை இத்தனை காலம் எங்கே போயிருந்தது என்று நினைப்பாள். எதற்காக வந்திருக்கிறது என்றும் நினைப்பாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பாள். அவன் தண்ணீர் வாளியோடு மூச்சு வாங்க ஏறி வருவதைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிடுவாள். இதுகூட ஒரு களவுதானே என்று ஒருநாள் விஜயலெட்சுமியிடம் சொன்னாள். அவருக்கு எது சொந்தமாக இருந்து நீங்கள் களவெடுத்தீர்கள் என்று மருமகள் கேட்டாள்.

கடைசியில் அவனே கேட்டான். பங்குனி முடியப்போகிற நேரம். சாப்பிட்டுக் கை கழுவி, துவாயில் துடைத்துக்கொண்டே, மகன் எதிரில் இல்லையென்று பார்த்துக்கொண்டு கேட்டான்.

"டொக்டர் எத்தன நாள் சொன்னாங்க?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா… நம்ம சேந்து இருக்கத்தான்."

"எத்தன நாளானாலும் இல்லிங்க. உள்ளுக்கே சேத்துத் தச்சாச்சு. இனி வழி இல்ல."

அவன் விளங்காமல் பார்த்தான். அவள் மறுபடி, இன்னும் தெளிவாகச் சொன்னாள். டொக்டர் வேறு வழியும் சொன்னார், புருஷனைக் கேட்கச் சொல்லியும் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவன் துவாயைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே போனான். பின்னேரம் பீலியடியில் வாளி சரிந்து கிடந்தது. விஜயலெட்சுமி போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ரஜீவுக்குத் தெரிந்தபோது அவனுக்கு வெட்கம்தான் முதலில் வந்தது. தாயின் முகத்தைப் பார்க்காமல், "இருந்தாலும் அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றான். அங்கம்மாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் சுட்டது. இவன் பிறந்த கையோடு வந்த வியாதி என்று ஒருநாளும் அவனிடம் அவள் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை. விஜயலெட்சுமி சோற்றுக் கோப்பையை அவன் முன்னால் சத்தத்தோடு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வீரசிங்கம் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துத் தலைவரைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கே போனான். புருஷன் அனுமதி இல்லாமல் எப்படிச் செய்யலாம் என்று கேட்டிருக்கிறான். அங்கே தமிழ் நர்ஸ் ஒருத்தி அவனை உட்கார வைத்து, நோயாளியைப் பற்றி நாங்கள் உங்களிடம் பேச முடியாது, அவர் சுயபுத்தியோடு எடுத்த முடிவு எதுவானாலும் அவரிடமே கேளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். சரிதான் என்று இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள். ஆனால் தலைவர் வாய் சும்மா இருக்குமா? சந்திக் கடையில் அந்தக் கதையை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னார். பழைய ஆள் மாதிரி ஆக்கி அனுப்புவார்கள் என்று வீரசிங்கம் பீற்றியது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அவன் தேத்தண்ணி குடிக்கப் போனால் பேச்சு நின்றது. போன பிறகு சிரிப்பு எழும்பியது.

அவனைப் பார்த்துச் சிரித்து முடிந்ததும் அவளுடைய முறை வந்தது. ஆம்பிளைகள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். பெண்கள் அதைச் சொல்லவில்லை, கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி இருந்தார்கள். கோயில் காரியத்தில் மாவிளக்குக்கு மா இடிக்கக் கூப்பிடுகிற வீட்டில் அந்த வருஷம் அவளைக் கூப்பிடவில்லை. அடுத்த காம்பரா அந்தோனியம்மா, நாற்பது வருஷம் அவளோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள், வாசலில் நின்று, ஆண்டவர் திறந்து வைத்ததை மனுஷர் மூடுவது பாவம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதே அந்தோனியம்மா நாலைந்து நாள் கழித்து, சீனி கேட்கிற மாதிரி ஒரு கோப்பையோடு வந்து நின்றாள். சீனியை வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"அந்த கிளினிக்கு செவ்வாக்கிழமையா, வியாழக்கிழமையா?" என்று கேட்டாள்.

"செவ்வா. காலைலயே போயிறணும்."

"எனக்கில்ல. தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் கோப்பையோடு போனாள். போகும்போது படியில் எப்படிக் காலை வைக்கிறாள் என்று அங்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீரசிங்கம் இந்தமுறை எங்கும் போகவில்லை. போவதற்கு அவனுக்கு இடம் இல்லை. வெளி இஸ்தோப்பு ஓரத்தில் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவளோடு பேசுவதை நிறுத்தினான். சோறு போட்டு வைத்தால் அவள் நகர்ந்த பிறகு வந்து சாப்பிடுவான். சித்திரை வருஷத்துக்கு விஜயலெட்சுமி பால்சோறு வைத்துக் கொடுத்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் வாங்கினான். அங்கம்மா தன்பாட்டில் இருந்தாள். வேலைக்கு இன்னும் போகவில்லை. பகலில் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், சித்திரை மாத இடிமழை திடீரென்று கொட்டியது. கட்டிலில் சாரல் அடித்ததால் வீரசிங்கம் எழும்பி உள்ளே வந்து அடுப்படிக் குசினி வாசலில் நின்றான். அங்கம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பலகைக் கட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அப்பிடி என்னா கோவம் ஒனக்கு எம்மேல?" என்றான். சண்டைக்குக் கேட்கிற மாதிரி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி இருந்தது. "அந்தக் கடைக்காரியோட போனதுக்கா?"

"அதுக்கில்ல."

"பொறகு?"

அங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள். ஒருநாளும் வாயால் சொல்லாத விஷயம், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பிறகு பிசகாமல் வந்தது.

"ரஜீவப் பெத்துட்டு ஆஸ்பத்திரியிலருந்து வந்து நாலு நாளுங்க. தையல் போட்டிருந்தாங்க. சம்பள நாளு. நீங்க குடிச்சிட்டு வந்தீங்க. பச்ச ஒடம்புங்க, வேணாங்கன்னு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். புள்ள பக்கத்துல கெடந்து கத்துது. நீங்க கேக்கல. தையல் பிரிஞ்சிருச்சு. விடியறதுக்குள்ள பாயி, சேல எல்லாம் ரத்தம். நான் போய்க் கான்ல அலசிட்டு வந்தேன். மிட்வைப் நோனா கேட்டப்போ வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன். சரியா ஆறவேயில்ல. அதோடதான் நாள் சம்பளப் பேர் விட்டுறக் கூடாதுன்னு நீங்க வேலைக்கும் போகச் சொன்னீங்க. முத சாக்கத் தூக்குன அன்னைக்கு உள்ளருந்து எதுவோ நழுவுச்சு. அன்னைக்கு எறங்குனதுதாங்க."

மழை கொஞ்சம் குறைந்து மறுபடி பிடித்தது. வீரசிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியைச் சுருக்கி, ஏதோ தேடுகிறவன்போல இருந்தான்.

"எனக்கு ஞாபகம் இல்லையே," என்றான்.

அவன் பொய் சொல்லும்போது எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். குரல் ஏறும், கண் வாசல் பக்கம் போகும். கடைக்காரியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அப்படித்தான் இருந்தான். இப்போது குரல் ஏறவில்லை. கண்ணும் அவள் மேலேயே இருந்தது. அவனுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. தன் உடம்பு ஒவ்வொரு அடிக்கும், ஒவ்வொரு இருமலுக்கும், ஒவ்வொரு சாக்குக்கும் ஞாபகம் வைத்திருந்த ஒன்று, இவனுக்கு மறுநாள் காலையிலேயே இல்லாமல் போயிருக்கிறது. பொய் என்றால் அவள் திட்டியிருப்பாள். முறத்தை எடுத்து எறிந்திருப்பாள்.

"இருந்தாலும் இருக்கும்," என்றான் அவன், கொஞ்சம் கழித்து. "அந்தக் காலத்துல எல்லாருந்தான் அப்பிடி இருந்தோம்."

அங்கம்மா முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். அவன் இன்னும் எழும்பவில்லை. கைகளைத் தொடைக்கிடையில் வைத்துக் குளிருக்குத் தேய்த்துக்கொண்டான்.

"தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டான்.

"கேத்தல்ல இருக்கு," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "ஊத்திக் குடிங்க."